தனுஷ்கோடியில் நனைந்த மெமரி கார்டு: ரெக்கவரி கடையில் பணம் கட்டுமுன் படியுங்கள்

தனுஷ்கோடியில் கல்யாண ஜோடியைப் படமெடுக்கும்போது அலை அடித்துக் கேமரா நனைந்தது. உள்ளே 64 ஜிபி எஸ்டி கார்டு. ராமநாதபுரம் பக்கம் ஒரு மொபைல் கடையில், "தொண்ணூறு சதவீதம் எடுத்தாச்சு அண்ணே" என்று திரையில் படங்களை வரிசையாகக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பென்டிரைவை வீட்டில் திறந்தால் எல்லாம் தபால்தலை அளவு. 160க்கு 120 பிக்சல், ஒவ்வொன்றும் சில கிலோபைட்தான்.

ஜேபெக் படக் கோப்பின் தலைப்பகுதியில் கேமரா ஒரு சிறுபடத்தைச் சேர்த்து வைக்கும். பின்னால் இருக்கும் அசல் படம் அழிந்தாலும் அது தப்பிவிடும். அழிந்த படங்களைத் தேடியெடுக்கும் போட்டோரெக் மென்பொருள் அதைத் தனியாகப் பிரித்து, 'டி' என்று தொடங்கும் எண் பெயரில் போடும். கடையில் காட்டியது அதைத்தான்.

கார்டைச் சோதித்தபோது கடையில் நடந்தது வரிசையாகத் தெரிந்தது. 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டர் இருந்தது. எழுதுவதைத் தடுக்காமல் செருகினால் விண்டோஸ் தானாக உருவாக்குவது அது. தேதியும் கடையில் கொடுத்த நாள். அடுத்து 'ஃபவுண்ட்.000', அதாவது செக்டிஸ்க் ஓட்டியிருக்கிறார்கள். பழுதுபார்க்கிறேன் என்று கோப்பு அட்டவணையையே மாற்றி எழுதும் கட்டளை அது. கடைசியாக 'ரீகப்_டிர்.1', போட்டோரெக் உருவாக்கும் ஃபோல்டர்: மீட்டதை அதே கார்டில் சேமித்திருக்கிறார்கள். அசல் படங்கள் கிடந்த இடத்தின் மேலேயே எழுதியாகிவிட்டது. அப்படி மேலெழுதப்பட்ட படங்களை இனி மீட்பது எந்த லேபுக்கும் அநேகமாக முடியாத காரியம். இத்தனையும் எழுத முடிந்தது என்றால் கார்டு சாகவே இல்லை என்றுதானே அர்த்தம்!

கடல்நீர் பட்ட கார்டைச் செருகிப் பார்க்கவே கூடாது. கார்டு முனைகளின் தங்கப் பூச்சில் உள்ள நுண்துளை வழியே உப்பு இறங்கும்; மின்சாரமும் சேர்ந்தால் அடியிலுள்ள செம்பு வேகமாக அரிபடும். டிஸ்டில்டு வாட்டரில் அலசி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு முனைகளைத் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிட வேண்டும். அரிசிப் பானை, ஹேர் டிரையர், பிளேடு மூன்றும் வேண்டாம்.

அடுத்து ரைட் பிளாக்கர் (கார்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) வழியாக முழுக் கார்டையும் இமேஜ், அதாவது அப்படியே முழு நகல், எடுக்க வேண்டும். பக்கவாட்டு லாக் பொத்தானை நம்ப முடியாது. அது வெறும் பிளாஸ்டிக், மதிப்பதும் மதிக்காததும் ரீடரின் விருப்பம். டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டு, படிக்க முடியாத இடங்களை மேப் கோப்பில் குறித்துக்கொண்டு பிறகு திரும்பி வரும். மீட்பு வேலை முழுக்க அந்த இமேஜில்தான், வேறு டிஸ்க்கில்தான்.

கார்டை எந்த ரீடரும் கண்டுகொள்ளவில்லை என்றால் கன்ட்ரோலர் (கார்டுக்குள் தரவை நிர்வகிக்கும் சிப்) போயிருக்கலாம். மைக்ரோ எஸ்டியில் கன்ட்ரோலரும் மெமரியும் ஒரே கட்டி. சிப்பைத் தனியே கழற்ற முடியாது. மேல்பூச்சைச் சுரண்டி, உள்ளிருக்கும் சோதனைப் புள்ளிகளில் மெல்லிய எனாமல் கம்பி பற்றவைத்துப் படித்து, கன்ட்ரோலர் கலைத்துப்போட்ட தரவை மறுபடி அடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை இல்லை. மைக்ரோ கார்டின் மேல் ஹாட் ஏர் கன்னைப் பிடிப்பவரிடமிருந்து கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பணம் கொடுக்குமுன் நாலைந்து படங்களை 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள், மெகாபைட் கணக்கில் இருக்கிறதா என்று கவனியுங்கள். வீடியோவை நடுவிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள். கோப்புப் பெயர்ப் பட்டியல் எதையும் நிரூபிக்காது. 'இதே கார்டில் எழுத மாட்டோம், வேலை முடிந்ததும் எங்கள் நகலை அழிப்போம்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வீட்டுப் பெண்களின் படங்கள் கடை கம்ப்யூட்டரில் கிடக்க வேண்டாம்.

போலீஸ் வழக்கில் வரக்கூடிய கார்டு என்றால் கடைக்கே கொண்டுபோகாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு, அதாவது தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், கேட்கிறார்கள். ஒரு கோப்பு கூடுதலாக எழுதப்பட்டாலும் கார்டின் ஹாஷ் மாறிவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கார்டை உறையில் போட்டு ஒட்டிவையுங்கள், மறுபடி எதிலும் செருகாதீர்கள். அந்த மூன்று ஃபோல்டர்களின் தேதியும் நேரமும்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.