ஆறு சில்லும் தரையில் படவேண்டும்

லண்டனில் இருக்கும் மருமகன் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பழைய சாமான் சந்தையொன்றின் மேசையில் மூலை நசுங்கிய அட்டைப்பெட்டி. "மாமா, நீங்கள் செய்த கார் இதுதானே? வாங்கவா?" என்று கேட்டிருந்தான். அதே பெட்டிதான். டிரல் பி34 பந்தயக் காரின் மாதிரி, 1:43 அளவு (அசலில் 43இல் ஒரு பங்கு), நாமே பொருத்திச் செய்யும் வெள்ளை உலோகக் கிட். வாங்கு அல்லது வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அன்று காலைதான் என் காரின் பின் இறக்கையை மறுபடி ஒட்டி முடித்திருந்தேன். விரல் நுனிகளில் சூப்பர் குளூ காய்ந்திருந்தது. அந்த மனநிலையில் எழுதுவது இது.

பந்தயம் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. டெரெக் கார்ட்னர் வடிவமைத்தது. முன்னால் நான்கு குட்டிச் சில்லுகள், பின்னால் இரண்டு பெரியவை. 1976 ஜூன் 13ஆம் திகதி சுவீடன் பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டி ஜோடி ஷெக்டர் முதலாவதாகவும் பேட்ரிக் டெபாயே இரண்டாவதாகவும் வந்தார்கள். ஆறு சில்லுக் கார் பார்முலா 1 பந்தயமொன்றை வென்றது அந்த ஒரு நாள் மட்டுமே. முன் சில்லுகளின் விட்டம் 10 அங்குலம். அதை 43ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டர்கூட இல்லை. டயரைக் கழற்றினால் மிளகைவிடச் சற்றுப் பெரிய வட்டம். என் துன்பம் முழுவதும் அந்த மிளகுகளில்தான் இருக்கிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கிட் செய்து பழகியவன் இதைக் கையில் எடுத்தால் ஒரு கணம் திகைப்பான். பத்து சென்டிமீட்டர்கூட நீளமில்லாத பொருள் பெரிய பூட்டின் கனம் கனக்கும். வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகத்தை உருக்கி, சுழலும் இறப்பர் அச்சில் ஊற்றி வார்த்தது. இறப்பர் தாங்கக்கூடிய சூட்டிலேயே உருகிவிடும் என்பதால்தான் இந்த உலோகம். ஆனால் அச்சு தேயத்தேய வார்ப்பும் மழுங்கும். என்னுடையது அச்சின் வயோதிபத்தில் பிறந்த பிள்ளை. ஓரமெல்லாம் பிசிறு, மூக்கின் மேல் அம்மைத் தழும்புபோல ஊசித்துளைகள். இரண்டு வாரம் அரத்தோடும் வாட்டர் பேப்பரோடும் போராடினேன். (பழைய கிட்களில் ஈயம் உண்டு. அராவிய கையோடு போய் வடையை எடுக்காதீர்கள்.)

நீல நிறத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கார் பெயின்ட் கலக்கும் கடைக்குப் போனேன். ஐம்பது மில்லி போதும் என்றதும் கடைக்காரர் "எந்தக் கார்?" என்றார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சிரிக்காமல் கலந்து கொடுத்தார். அந்த மரியாதையை மறக்கமாட்டேன்.

பூசுவதுதான் பெரும்பாடு. எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்பக்கம் பார்த்த நான்காம் மாடி. காற்றில் எந்நேரமும் ஈரம். குளிரூட்டி படுக்கையறையில் மட்டும். அங்கே தின்னர் வாசனைக்கு மனைவியின் அனுமதி இல்லை. ஆகவே அறையில் உலர வைத்துவிட்டு, பல்கனியில் கொண்டுபோய்ப் பூசினேன். பிளாஸ்டிக்காக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உலோகம் அறையின் குளிரைத் தன்னோடு எடுத்துவந்து, பல்கனியில் சோடாப் போத்தல்போல வியர்த்தது. அந்த வியர்வையின்மேல் நீலம் பூசினால் பால் கலந்ததுபோல வெளிறும். இரண்டாம் முறை முழு நாளும் பல்கனியிலேயே வைத்துப் பூசினேன். அது 2022 மார்ச் மாதக் கடைசி, நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. பாதிப் பூச்சில் பெயின்ட் விசிறும் கம்ப்ரசர் நின்றது. ஆனால் இந்த உலோகத்தை நான் மன்னிப்பதற்குக் காரணமும் இங்கேதான். கெட்டுப்போன பூச்சோடு உடலைத் தின்னரில் மூழ்கடித்து வைத்தேன். மறுநாள் புதிதாய்ப் பிறந்ததுபோல் வெளியே வந்தது. பிளாஸ்டிக் கரைந்து கூழாகியிருக்கும். மூன்றாம் பூச்சை அடுத்த பெப்ரவரியில், காற்று சற்று உலர்ந்திருந்த ஒரு காலையில் முடித்தேன். இன்றும் அந்த நீலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டெக்கால்கள் (நனைத்து ஒட்டும் எண்களும் எழுத்துகளும்) தண்ணீரில் போட்டதும் தூளானதை இங்கே விவரிக்கப் போவதில்லை.

சில்லுக்கு வருகிறேன். முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது. நாற்காலி ஆடும். ஆறுகாலியின் கதையை நீங்களே ஊகிக்கலாம். காரை முதன்முதலாக மேசையில் நிறுத்தியபோது வலப்பக்க இரண்டாவது குட்டிச் சில்லு அந்தரத்தில் நின்றது. 100ஆம் இலக்க பஸ் டிக்கெட்டை நான்காக மடித்தால் அடியில் நுழைந்தது. எட்டாக மடித்தால் இறுகியது. அவ்வளவுதான் இடைவெளி. வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அலுமாரியைக் கடந்து போகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பேன்.

அச்சுத்தண்டுக்கான பள்ளம் ஒரு பக்கம் உயர்ந்து வார்க்கப்பட்டிருந்தது. அது செய்தவர்களின் பிழை. பொருத்தும் முன் அதை அளந்து பார்க்காதது என் பிழை. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபொக்சிப் பசையை எடுத்தது அதைவிடப் பெரிய பிழை. தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் ஆறு சில்லையும் நிறுத்தி, மெதுவாக இறுகும் எபொக்சி வைத்து, மேலே பாரமேற்றி இரவு முழுவதும் விட்டிருக்கவேண்டும். அந்த அறிவு, வழக்கம்போல, எபொக்சி இறுகிய பிறகு வந்தது. மூன்று வருடமாக அந்தச் சில்லின் கீழ் பஸ் டிக்கெட் இருந்தது.

சென்ற மாதம் அம்மா அலுமாரியைத் தூசு தட்டினார். கார் விழுந்தது. பிளாஸ்டிக் கார் விழுந்தால் துள்ளும். இது தன் கனம் முழுவதையும் சுமந்துகொண்டு விழும். பின் இறக்கை கழன்று கட்டிலுக்கடியில் போனது. "இரும்புதானே, ஒன்றும் ஆகாது" என்றார் அம்மா. எடுத்து மேசையில் வைத்தேன். மென்மையான உலோகம், முன் அச்சுத்தண்டு வளைந்திருந்தது. மூன்று வருடம் அந்தரத்தில் நின்ற சில்லு தரையில் ஒழுங்காகப் படிந்திருந்தது. மகிழ்ச்சியில் அம்மாவைக் கூப்பிடப் போன பிறகுதான் பின்னால் பார்த்தேன். இடப்பக்கப் பெரிய சில்லு தூக்கிக்கொண்டு நின்றது.

கனம் பிடித்திருக்கிறது, நீலம் பிடித்திருக்கிறது, என் அலுமாரியில் இதைவிட அழகான பொருள் இல்லை. மருமகனுக்கு "வேண்டாம், காசை வீணாக்காதே" என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "ஐயோ மாமா, நேற்றே வாங்கிவிட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்."

பம்பலப்பிட்டியில் கண்ணாடி வெட்டும் கடையில் ஒரு துண்டு சொல்லிவைத்திருக்கிறேன். ஆறுக்கு எட்டு அங்குலம், ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு.