புல்வெட்டும் இயந்திரத்துக்கு எந்த ஆயில்?

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், என் புல்வெட்டும் இயந்திரம் ஏத்தன் வாழைத் தோட்டத்தில் அரை வரிசை தாண்டுவதற்குள் மூச்சடைத்து நின்றது. களக்காட்டு மெக்கானிக் சைலன்சரைக் கழற்றிக் காட்டினார். புகை போகும் வழியில் பாதியைக் கரி அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடந்தது. பிஸ்டனில் கீறல் விழாமலிருக்க மூங்கில் குச்சியால் கரியைச் சுரண்டியபடி, “என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள் அண்ணாச்சி?” என்று கேட்டார். ஒரு கடையில் கேனிலிருந்து அளந்து கொடுத்ததைக் காட்டினேன். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தவர், அது நான்கு ஸ்ட்ரோக் பைக்குக்கு ஊற்றுவது என்றார்.

முதலில் தள்ள வேண்டியது அந்த ஆயிலைத்தான். பைக் என்ஜினில் ஆயில் அடியில் தேங்கிச் சுற்றி வரும். எரிவதற்காக அதைத் தயாரிப்பதில்லை. என் புல்வெட்டும் இயந்திரத்தில் இருப்பதோ டூ ஸ்ட்ரோக் என்ஜின். அதில் ஆயில் பெட்ரோலோடு உள்ளே போய், பேரிங்கை நனைத்து, கடைசியில் எரிந்தே வெளியேறுகிறது. பைக் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும்.

அடுத்து, சில்லறையில் கிடைக்கும் 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயிலா, சீல் வைத்த டப்பாவா? சில்லறை ஆயில் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அதன் தரத்தை நாம் பார்க்க வழியில்லை. நிறத்தை நம்பவும் முடியாது. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் பெட்ரோலில் ஆயில் கலந்தாயிற்று என்று தெரிவதற்காகச் சேர்க்கும் சாயமே. டப்பாவில் ஜாஸோ என்ற ஜப்பானியத் தர முத்திரையும் எஃப்.பி., எஃப்.சி., எஃப்.டி. என்ற எழுத்துகளும் இருக்கும். நான் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த எழுத்தைத்தான் பார்க்கிறேன்.

எஃப்.பி. புகை கூடியது, விட்டுவிடலாம். உண்மையான போட்டி எஃப்.சி.க்கும் எஃப்.டி.க்கும்தான். இரண்டும் குறைந்த புகைதான், எஃப்.டி. கூடுதலாக பிஸ்டனையும் ரிங்கையும் சுத்தமாக வைத்திருக்கும். பழைய எக்ஸ்.எல். மொபெட்டில் கடைக்குப் போய் வருபவருக்கு எஃப்.சி. தாராளம். ஓடும் வண்டியில் காற்று முகத்தில் அடிக்கிறது, என்ஜின் ஆறுகிறது. புல்வெட்டும் இயந்திரமோ நின்ற இடத்தில், உச்ச வேகத்தில், தன் சிறு விசிறிக் காற்றை மட்டும் நம்பி வேகிறது. அதற்கு எஃப்.டி. வாங்கித்தான் ஆகவேண்டும் என்பேன். விலை கூடுதல்தான். ஆனால் லிட்டருக்கு 20 மில்லி கலக்கும்போது ஒரு லிட்டர் டப்பா 50 லிட்டர் பெட்ரோலுக்கு வருகிறது. ஒரு பிஸ்டன் மாற்றும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்ப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தால் வள்ளத்து என்ஜினுக்கு வாங்கிய டி.சி.-டபிள்யூ 3 ஆயிலைப் பாசத்தோடு ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அருமையான ஆயில், ஆனால் கடல்நீரால் குளிரும் என்ஜினுக்கு உரியது. சாம்பலே இல்லாமல் தயாரிப்பதால், காற்றால் மட்டும் ஆறும் என்ஜினின் சூட்டில் ரிங்கைச் சுத்தமாக வைத்திருக்கும் வலு அதற்குப் போதாது. எஃப்.டி.யை வள்ளத்துக்குக் கொடுப்பதும் தவறு; அதன் சாம்பல் அங்கே உள்ளே படியும்.

ஆமணக்கெண்ணெய் வழுக்குவதில் கெட்டிக்காரன்தான், அந்தக் காலத்துப் பந்தய என்ஜின்களில் ஓடியது. ஆனால் பிசின் மாதிரி ஒட்டும், பெட்ரோலில் சரியாகக் கரையாது. தோட்டத்துக்கு வேண்டாம்.

ஆயில் சரியாக அமைந்தாலும் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். 1:50 என்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், 1:40 என்றால் 25, 1:25 என்றால் 40. இயந்திரத்தோடு வந்த புத்தகம் சொல்வதே கணக்கு. “கூட ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது” என்று மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறார்கள். ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறைகிறது; என்ஜின் இன்னும் சூடேறுகிறது, கரியும் கூடுகிறது. மருந்துக் கடையில் வாங்கிய ஊசி போடும் சிரிஞ்சில்தான் நான் அளக்கிறேன்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேன் நிறையக் கலந்து வைக்காதீர்கள். அன்றைய வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் கலந்து, ஊற்றுமுன் கேனை நன்றாகக் குலுக்கிக்கொள்ளுங்கள்.