ஆட்டோகிராப் வாங்க எந்த மார்க்கர்? 3 வகை, ஒரு ரிவ்யூ

மதுரை ஏர்போர்ட் வாசலில் ஒரு வீரர் வெளியே வந்து காரில் ஏற ஒரு நிமிஷம்கூட ஆகாது. 2025 அக்டோபர் 9 அன்று சிந்தாமணி பக்கம் கட்டிய கிரிக்கெட் மைதானத்தைத் திறக்க தோனி வந்தாரே, அது மாதிரி நாளுக்கு எந்த மார்க்கரும் உதவாது. கிட்டவே போக முடியாது. டிஎன்பிஎல் கிரிக்கெட் சமயத்தில் நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்து வாசலிலோ, மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்திலோ வீரர்கள் திடீரென்று எதிரே வந்து நிற்பார்களே, அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இந்த ரிவ்யூ.

ஸ்டேஷனரி கடையில் கேட்டால் சில்வர் பெயிண்ட் மார்க்கரைத்தான் முதலில் எடுத்துத் தருவார்கள். சிவப்புப் பந்து, கறுப்பு ஹாக்கி மட்டை, கருநீல ஜெர்சி மூன்றிலும் எடுப்பாகத் தெரிவது இதுதான். ஆனால் தற்செயலாக நடக்கும் சந்திப்புக்கு இதைவிட மோசமான பேனா கிடையாது. உள்ளே கிடக்கும் குண்டு கலகலவென்று சத்தம் போடும்வரை குலுக்கணும். பிறகு நுனியை ஒரு தாளில் பலமுறை அமுக்கினால்தான் பெயிண்ட் இறங்கும். இதைச் செய்யாமல் வீரர் கையில் கொடுத்தால் முதல் எழுத்து விழாது. அவர் அழுத்துவார், இரண்டாவது எழுத்தில் பொட்டென்று ஒரு சொட்டு விழுந்து வழியும். நிற்க வைத்தே வைத்திருந்தால் நிறம் அடியில் தங்கிவிடும். படுக்க வைக்கணும். நம்மூர் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைத்தால் உள்ளே காற்று விரிந்து, மூடியைத் திறந்ததுமே கக்கும்.

20, 30 ரூபாய்க்குக் கிடைக்கும் மெல்லிய நுனி கறுப்பு பர்மனென்ட் மார்க்கருக்கே என் ஓட்டு. மூடியைக் கழற்றியதும் எழுதும். பேட், வெள்ளைப் பந்து, வெளிர்நிற ஜெர்சி, ஓட்டக்காரர் நெஞ்சில் குத்தும் நம்பர் அட்டை எல்லாவற்றுக்கும் போதும். தடித்த நுனி வேண்டாம், கையெழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

பேட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஆளிவிதை எண்ணெய் தடவிய விளையாட்டு பேட்டில் மை மர இழையோடு ஓடி, ஈரத்தாளில் எழுதியதுபோல் மீசை வைக்கும். எண்ணெய் காட்டாத குட்டி பேட் வாங்குங்கள். ஸ்டிக்கர் மேல் போட வைக்காதீர்கள். ஸ்டிக்கர் உரியும்போது கையெழுத்தும் போய்விடும். பத்திரப்படுத்துகிறேன் என்று வார்னிஷ் அடித்தால் அதோடு கதை முடிந்தது. அதிலுள்ள கரைப்பான் மையையும் கரைத்துவிடும்.

ஜெர்சிக்குள் ஒரு அட்டை வையுங்கள். இல்லையென்றால் மை முதுகுப் பக்கம் இறங்கும், துணியும் நுனியோடு சேர்ந்து இழுபடும். வெள்ளைப் பந்தின் பூச்சு மையை உறிஞ்சாது. இரண்டு நிமிஷம் விரல் படக்கூடாது. ஹாக்கி பந்தில் குழிகள் இருப்பதால் கோடு விட்டு விட்டு விழும். மட்டையே மேல்.

சாதா பால்பாயிண்ட் பேனாவை ஏளனமாகப் பார்க்கவேண்டாம். நோட்டுக்கும் டிக்கெட்டுக்கும் இதுதான் சரி. மார்க்கர் பின்பக்கம் ஊறிவிடும்.

இறகுப் பந்தில் 16 இறகுகள் இருந்தும் எழுத இடமில்லை. அடியிலுள்ள கார்க்கில் முதலெழுத்துகள் மட்டும் போடச் சொல்லலாம். பேட்மின்டன் என்றதும் மதுரைக்காரர்களுக்கு ஜெர்லின் அனிகா நினைவு வரும்; 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் 3 தங்கம் வென்றவர். அவரைப் போன்ற செவித்திறன் குறைந்த வீரர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பயனில்லை. முன்னால் போய் நின்று, போனில் டைப் செய்து காட்டுங்கள்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஓடிய சக்கிமங்கலம் ரேவதி பயிற்சி எடுத்த ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில், டிராக்கில் இருக்கும் யாரையும் நிறுத்தாதீர்கள். கூல்டவுன் முடித்து ஷூ கழற்றும் நேரம் பார்த்துக் கேளுங்கள். வியர்த்த கையில் பேனா வழுக்கும், ஒரு கைக்குட்டையும் நீட்டலாம்.

மார்க்கர் வாங்கும்போது கடையிலேயே திறந்து கிறுக்கிப் பாருங்கள். ரொம்ப நாள் ஸ்டாக் என்றால் கோடு சாம்பல் நிறத்தில் வரும். வேறு கேளுங்கள்.