மாருதி 800ஐத் தாழ்த்திய பட்டறை: வேலை எப்படி?

என் 1998 மாடல் மாருதி 800இன் உடலைச் சக்கரத்துக்கு நெருக்கமாக 30 மி.மீ. தாழ்த்த, ராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறைக்கார அண்ணன் அளந்த விதமே பிடித்துப்போனது. தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தார், டயரில் காற்று கூடக்குறைய இருந்தாலும் இந்த அளவு மாறாது. டிரைவர் பக்கம் ஏற்கெனவே 8 மி.மீ. இறங்கிக் கிடந்தது. பழைய ஸ்பிரிங், தொய்ந்துவிட்டது.

சுருளையே வெட்டிவிடலாமே என்றேன், முறைத்தார். வெட்டினால் ஸ்பிரிங் விறைக்கும், சக்கரம் தொங்கும்போது இடம்விட்டு நழுவவும் கூடும். சரி என்று குட்டை ஸ்பிரிங்கே போட்டோம். உப்புக்காற்றில் கிடந்த வண்டி, போல்ட் அசையவே அரை நாள்.

கடுப்பானது ஒரே இடத்தில்தான். ஜாக்கியில் நிற்கும்போதே பட்டறைப் பையன் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் கை) போல்ட்டை இறுக்கிவிட்டான், அப்படியே விட்டால் அந்த மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். நான் சொன்ன பிறகுதான் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, மறுபடி இறுக்கினார்கள். அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வேலை, அங்கே கிடையாது, அதற்கு வேறு கடை போகணும், போகாமல் விட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

வளைவில் வண்டி இப்போது முன்போல் சாய்வதில்லை. ஆனால் பாம்பன் பாலத்து இணைப்புகள் ஒவ்வொன்றும் இடுப்பில் தெரிகிறது, எங்கள் தெரு வேகத்தடை வந்தால் அத்தை இறங்கி நடந்துவிடுகிறார்.