ஊராட்சியிலிருந்து சட்டமன்றத்துக்கு: பெண்களுக்கான இரண்டு நாள் பயிற்சி, என் அனுபவம்

ஐந்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தேன், 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளாட்சிப் பெண்களை மாநில அரசியலுக்குத் தயார்படுத்துகிறோம் என்று ஒரு தொண்டு நிறுவனம் அறிவித்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் அவ்வளவு நன்றாக இருந்தது. கூட வந்த கணவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஆட்சியர் ஒரு தலைவரைப் பதவிநீக்கம் செய்ய இடம் தருகிற, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, நோட்டீஸ் வந்தால் விளக்கம் எப்படி எழுதுவது, தீர்மானப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை நகலெடுத்து வைப்பது என்று ஒரு வழக்கறிஞர் வரிவரியாகச் சொன்னார். என்னோடு சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டிய துணைத்தலைவர் மறுத்து என் ஊரில் மூன்று மாதம் தெருவிளக்கு வேலை நின்றபோது இதையெல்லாம் சொல்ல எனக்கு ஆள் இல்லை. ஊராட்சிப் பணத்தை ஆன்லைனில் அனுப்பப் பயன்படுகிற டிஜிட்டல் கையொப்பச் சாவியை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றதும், பக்கத்தில் இருந்த அக்கா "என்னோடது செயலர் பீரோவுலதான் இருந்துச்சு" என்றார். அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம்.

இரண்டாம் நாள் ஏமாற்றம். மேடைப்பேச்சு, போட்டோ எடுப்பது, சமூக ஊடகம், இவ்வளவுதான். சீட்டு எப்படிக் கிடைக்கும் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளாட்சியில் எங்களுக்கு 50 சதவீதம், ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 பேரில் ஜெயித்த பெண்கள் 12 பேர். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, பூட்டு சாவியிலோ ஆட்டோவிலோ நின்று ஜெயித்த பெண்ணைக் கட்சி தன் ஆளாகக் கணக்கில் வைப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலிலிருந்துதான் கட்சிச் சின்னம் வருகிறது. அப்புறம் பணம். தலைவருக்கு நிற்க டெபாசிட் 600 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000, செலவு வரம்பே 40 லட்சம். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு என்று 2023இல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை முடிந்த பிறகுதான் என்று எழுதிவிட்டார்கள். இதைப் பேசாமல் மைக் பிடிக்கக் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

முதல் தடவை நிற்கப் போகிறவர்கள் கண்டிப்பாகப் போங்கள், உங்கள் ஊராட்சி வரவு செலவுக் கணக்கையும் கையில் எடுத்துப் போங்கள். வார்டில் தொடங்கி சட்டமன்றம் வரை போன ஒரு பெண்ணை இரண்டாம் நாளுக்குக் கூப்பிடுங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் மறுபடியும் போவேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று.