ரூட் யார் கையில்? சிஸ்கோ, ஜூனிபர், அரிஸ்டா, சோனிக்: அதிகார உயர்வு ஓட்டைகளை வைத்து ஓர் ஒப்பீடு

நெட்வொர்க் சுவிட்ச் வாங்கும்போது பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்த நிறுவனத்துக்கு எத்தனை சிவிஇ (வெளியில் தெரிந்த பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் எண்) பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு இந்தக் கணக்கில் துளியும் உடன்பாடில்லை. நான் கேட்பது வேறு: அட்மினுக்கும் ரூட்டுக்கும் (அடியில் ஓடும் இயங்குதளத்தில் முழு அதிகாரம் உள்ள கணக்கு) நடுவில் அந்த மென்பொருள் எங்கே சுவர் எழுப்பியிருக்கிறது, அந்தச் சுவரை ஒருவன் தாண்டினால் அது உங்களுக்குத் தெரியவருமா?

இன்றைய சுவிட்ச் மென்பொருள் எதைத் திறந்து பார்த்தாலும் அடியில் லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோதான் இருக்கிறது. நாம் டைப் செய்யும் கட்டளைகளெல்லாம் அதன் மேல் ஓடும் ஒரு அடுக்கு. சிஸ்கோவில் பிரிவிலேஜ் 15, ஜூனிபரில் சூப்பர்-யூசர் என்று நாம் சொல்வது அந்த மேலடுக்கின் உச்சம் மட்டுமே. அதற்குக் கீழே ரூட் தனியாக இருக்கிறது. அதனால் அதிகார உயர்வில் இரண்டு கட்டம் உண்டு: சாதாரண யூசரோ வெளியாளோ அட்மின் ஆவது ஒன்று, அட்மின் ரூட் ஆவது இன்னொன்று. முதலாவதுக்குத்தான் தலைப்புச் செய்திகளும் பத்துக்கு 9, 10 என்ற தீவிர மதிப்பெண்களும் கிடைக்கும். இரண்டாவதை, அவன்தான் ஏற்கெனவே அட்மின் ஆயிற்றே என்று சொல்லி 6 என்றோ 4 என்றோ போட்டு ஒதுக்கிவிடுவார்கள். எனக்குப் பெரிய பயம் இந்த இரண்டாவதில்தான், ஏனென்றால் ரூட் கைக்கு வந்தவுடன் நீங்கள் அடிக்கும் ஷோ கட்டளைக்கு என்ன பதில் வர வேண்டும் என்பதை அவன் தீர்மானிக்க முடியும், சுவிட்சில் ஆன்டிவைரஸ் போன்ற எதையும் நிறுவிப் பார்க்கவும் நமக்குப் பெரும்பாலும் வழியில்லை.

சிஸ்கோவிலிருந்து ஆரம்பிக்கலாம், அங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

கேட்டலிஸ்ட் 9000 சுவிட்ச் வரிசையில் ஓடும் ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளில் ரூட் உங்களுக்குக் கிடையாது. கீழே இருக்கும் லினக்ஸ் ஷெல்லுக்கு (லினக்ஸுக்கே நேராகக் கட்டளை இடும் இடம்) போக வேண்டுமென்றால் சிஸ்கோவின் சப்போர்ட் ஆட்களிடம் பேசி, கன்சென்ட் டோக்கன் என்று ஒன்றை வாங்க வேண்டும். கேட்க நல்ல பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபர் 16 அன்று வெளியான சிவிஇ-2023-20198 என்ன செய்தது? வெப் யூஐ (பிரவுசரில் சுவிட்சை நிர்வகிக்கும் பக்கம்) வழியாக, எந்தப் பாஸ்வேர்டும் இல்லாமல், பிரிவிலேஜ் 15 கணக்கு ஒன்றை உருவாக்க வெளியாளுக்கு இடம் கொடுத்தது. மதிப்பெண் முழுசாக 10. அப்புறம் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, 7.2 மதிப்பெண் கொண்ட சிவிஇ-2023-20273 வழியாக ரூட்டுக்குப் போய், லுவா மொழியில் எழுதிய ஒரு பின்வாசலை உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். இணையத்தை ஸ்கேன் செய்தவர்கள் பல பத்தாயிரம் கருவிகளில் இதைப் பார்த்தார்கள். திடீரென்று ஒரு வார இறுதியில் அந்த எண்ணிக்கை விழுந்தது, எல்லோரும் சுத்தம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பேச்சு வந்தது. உண்மையில், குறிப்பிட்ட ஒரு ஹெடர் (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரி) இல்லாமல் வரும் கேள்விக்குப் பதில் சொல்லாதபடி தாக்கியவர்கள் பின்வாசலை மாற்றிவிட்டிருந்தார்கள்.

ரீபூட் செய்தால் அந்தப் பின்வாசல் போய்விடும், ஆனால் உருவாக்கிய அட்மின் கணக்கு அப்படியே இருக்கும். பேட்சும் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடாமல் ரீபூட் மட்டும் செய்த இடங்களில் திரும்பவும் நுழைந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2025 அக்டோபர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் சிக்னல்ஸ் டைரக்டரேட் விடுத்த எச்சரிக்கையில், அந்த ஜூலை முதல் அந்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட கருவிகள் இதே பின்வாசலால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும், 150-க்கு மேல் அப்போதும் மீதி இருந்தன என்றும் சொல்லியிருந்தார்கள். பேட்ச் வந்து இரண்டு வருடம் ஆன ஓட்டை இது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே சிஸ்கோவின் டேட்டா சென்டர் சுவிட்சான நெக்சஸின் கதை இன்னும் முக்கியமானது. அதில் ஓடும் என்எக்ஸ்-ஓஎஸ் மென்பொருளில் சிவிஇ-2024-20399, மதிப்பெண் 6.0, அதாவது மீடியம். அட்மின் பாஸ்வேர்டு கையில் இருப்பவன் ஒரு கட்டளைக்குக் கொடுக்கும் உள்ளீட்டில் விளையாடி, கீழே இருக்கும் லினக்ஸில் ரூட்டாக எதையும் ஓட்டலாம். 2024 ஜூலை 1 அன்று வெளியிட்டார்கள். சிக்னியா என்ற பாதுகாப்பு நிறுவனம் வெல்வெட் ஆன்ட் என்று பெயர் வைத்த, சீனாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் குழு இதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தது. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நெக்சஸ் 3000, 9000 போன்றவற்றில் பாஷ்-ஷெல் என்ற வசதியை அட்மினே முறைப்படி ஆன் செய்து ரூட் ஆகலாம், ஆகவே அங்கே இந்த ஓட்டையால் புதிதாக எந்த அதிகாரமும் கிடைப்பதில்லை. கிடைப்பது ஒன்றுதான்: முறைப்படி பாஷுக்குள் போனால் சிஸ்லாகில் (சுவிட்சின் நிகழ்வுப் பதிவு) விழும் வரி, இந்த வழியில் போனால் விழாது. மறுபக்கம் 5500, 5600, 6000 வரிசைகளில் அந்த வசதியே கிடையாது, அங்கே உரிமையாளருக்கு எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் வந்தவன். 6.0 என்ற மதிப்பெண்ணில் இதெல்லாம் எங்கே தெரிகிறது?

2025-ல் வந்த எஸ்என்எம்பி (சுவிட்சைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் நெறிமுறை) ஓட்டையும் (சிவிஇ-2025-20352) இதே வகைதான். குறைந்த அதிகாரம் உள்ளவன் சுவிட்சை ரீலோட் ஆக்கலாம், பிரிவிலேஜ் 15 உள்ளவன் ஐஓஎஸ் எக்ஸ்இ-யில் ரூட்டாக நிரல் ஓட்டலாம். ட்ரென்ட் மைக்ரோ அலசிய தாக்குதலில் 9400, 9300, பழைய 3750ஜி சுவிட்சுகளில் ரூட்கிட் (ரூட் அதிகாரத்தோடு ஒளிந்திருக்கும் நிரல்) வைத்திருந்தார்கள். எல்லாக் கணக்குக்கும் செல்லுபடியாகும் ஒரே பாஸ்வேர்டு, லாகை அணைக்கும் வசதி, ரன்னிங் கான்ஃபிகில் (அப்போது ஓடும் அமைப்புகளின் பட்டியல்) சில வரிகளை மட்டும் மறைப்பது என்று அது செய்த வேலைகளைப் படித்தால் நான் மேலே சொன்ன பயம் புரியும்.

சரி, ஜூனிபருக்கு வருவோம். அதன் மென்பொருளான ஜூனோஸின் அணுகுமுறை வேறு. பெட்டியைப் பிரித்ததும் முதலில் ரூட் பாஸ்வேர்டை வைக்கச் சொல்லும், வைக்காமல் கமிட் ஆகாது, அதாவது எந்த மாற்றமும் அமலுக்கு வராது. ஷெல்லுக்குப் போவது ஒரு கட்டளை தூரம். ஆனால் உள்ளே போனபின் இஷ்டத்துக்கு எதையும் ஓட்ட முடியாது: வெரிஎக்ஸெக் என்ற காவல், ஜூனிபர் கையொப்பமிட்ட கோப்புகளை மட்டுமே ஓடவிடும். ரூட்டைக் கொடுத்து, ரூட் என்ன செய்யலாம் என்பதைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். கருத்தளவில் இது சிஸ்கோவின் ஒளித்துவைக்கும் வழியைவிட நேர்மையானது என்பேன்.

2025 மார்ச்சில் மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட விவரம் இந்தக் காவலின் எல்லையைக் காட்டியது. யுஎன்சி3886 என்ற குழு, நெட்வொர்க் கருவிகளை நிர்வகிக்கும் டெர்மினல் சர்வர் ஒன்றிலிருந்து, உண்மையான பாஸ்வேர்டுகளோடு எம்எக்ஸ் ரவுட்டர்களுக்குள் வந்தது. கையொப்பமில்லாத நிரலைத் தனியாக ஓட்ட முடியாதே, அதனால் முறைப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸின் நினைவகத்துக்குள் தங்கள் நிரலைச் செருகினார்கள். அதுதான் சிவிஇ-2025-21590. சிவிஎஸ்எஸ் 3.1 என்ற மதிப்பெண் முறையின் கணக்கில் இதன் மதிப்பெண் வெறும் 4.4! அந்தக் குழு விட்டுப்போன பின்வாசல்களில் ஒன்று லாகை நிறுத்துவதற்கென்றே எழுதப்பட்டது. தாக்கப்பட்டவை ரவுட்டர்கள்தான் என்றாலும் இஎக்ஸ், க்யூஎஃப்எக்ஸ் சுவிட்சுகளிலும் ஓடுவது ஜூனோஸ்தானே, ஓட்டை கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருந்தது. அங்கே வைத்த பின்வாசல்கள் டைனிஷெல் என்ற திறந்தமூல நிரலை அடிப்படையாகக் கொண்டவை, நெக்சஸில் வெல்வெட் ஆன்ட் வைத்ததிலும் அதே டைனிஷெல்தான் இருந்தது. இரண்டு நிறுவனம், இரண்டு வித சுவர், ஒரே கருவி.

இஎக்ஸ் சுவிட்சுகளின் ஜே-வெப் என்ற வெப் நிர்வாகப் பக்கத்தை 2023 ஆகஸ்டில் உலுக்கிய நான்கு ஓட்டைகளையும் மறக்கக் கூடாது. தனித்தனியாக ஒவ்வொன்றும் 5.3, சேர்த்துப் பயன்படுத்தினால் 9.8. ஐந்துக்குக் கீழே எல்லாம் அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று பேட்ச் பட்டியல் போடுகிறவர்களும், ஐந்தை ஒட்டியதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறவர்களும் இந்த இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அரிஸ்டாவின் மென்பொருளான இஓஎஸ் இந்த விஷயத்தில் எதிர்த்துருவம். அட்மின் பாஷ் என்று அடித்தால் நேரே லினக்ஸ் ஷெல், சூடோ (ரூட்டாக ஓட்டச் சொல்லும் கட்டளை) போட்டால் ரூட். சுவர் என்று ஒன்றை அவர்கள் கட்டவே இல்லை. அதனால் அட்மின் ரூட் ஆகும் ஓட்டை என்ற வகையே இங்கே பெரும்பாலும் அர்த்தமிழந்துவிடுகிறது. இது பலவீனம் என்று வாதிடுபவர்கள் உண்டு, அட்மின் பாஸ்வேர்டு போனால் எல்லாம் போயிற்றே என்பார்கள். மற்ற இரண்டிலும் அதேதான் நடந்தது என்பதுதான் என் பதில். இங்கே கூடுதலாக ஒரு நன்மை கிடைக்கிறது: டக்காக்ஸ் (கட்டளைகளைத் தனி சர்வரில் சரிபார்த்துப் பதியும் முறை) வழியாகக் கட்டளை அனுமதியும் பதிவும் வைத்திருந்தால், பாஷ் என்று ஒருவன் அடிக்கிற அந்தக் கணமே வரி சுவிட்சை விட்டு வெளியேறி உங்கள் சர்வரில் விழுந்துவிடும், அதன்பின் அவன் உள்ளே லாகை அழித்தாலும் அந்த வரி உங்களிடம் இருக்கும். சந்தேகம் வந்தால் நீங்களே ரூட்டாக இறங்கி ப்ராசஸ்களையும் கோப்புகளையும் பார்க்கலாம், யாரிடமும் டோக்கன் கேட்க வேண்டாம். நெட்வொர்க்-ஆபரேட்டர் என்ற பார்வையாளர் ரோலில் பாஷ் கட்டளையோடு பைப் (|) குறியையும் சேர்த்தே அவர்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் பைப் வழியாகவும் ஷெல்லுக்கு ஒரு கதவு இருக்கிறது. இது எனக்குப் பிடித்த கவனம். ஆனால் உள்ளூர் யூசர்களுக்கு இந்த ரோல் அனுமதியைத் தனியாக ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும், பல கான்ஃபிக்களில் அந்த ஒரு வரி இருக்காது.

அரிஸ்டாவின் பலவீனம் வேறு பக்கம். சிவிஇ-2021-28500-ல், பாஸ்வேர்டு இல்லாமல் உருவாக்கிய உள்ளூர் யூசர்களை ஓபன்கான்ஃபிக், டெர்மின்ஆட்டர் ஏஜென்டுகள் (வெளி நிரல்கள் சுவிட்சை நிர்வகிக்கவும் கண்காணிக்கவும் உள்ளே ஓடுபவை) தடையில்லாமல் உள்ளே விட்டன. 2025-ல் வந்த சிவிஇ-2025-1260-ல், ஓபன்கான்ஃபிக் ஆன் செய்த சுவிட்சில் மறுத்திருக்க வேண்டிய ஜிஎன்ஓஐ (நிரல் வழியாக நிர்வாக வேலைகளை ஏவும் முறை) கோரிக்கை நிறைவேறியது. கட்டளை வரியில் இவ்வளவு கவனமாகப் போட்ட அனுமதிச் சட்டம் ஏபிஐ (நிரல்கள் சுவிட்சோடு பேசும் வழி) பக்கம் வரும்போது ஓட்டையாகிறது. ஆட்டோமேஷனுக்காக அரிஸ்டா வாங்குபவர்கள் இந்த இடத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஓபன்கான்ஃபிக் தேவையில்லை என்றால் ஆன் செய்யாதீர்கள்.

சோனிக், க்யூமுலஸ் என்ற சுவிட்ச் மென்பொருள்கள் இன்னும் திறந்தவை, இரண்டுமே டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மேல் ஓடுபவை. அட்மினுக்கு சூடோ உண்டு, ஆகவே சுவர் பற்றிய பேச்சே இல்லை. இங்கே வரும் அதிகார உயர்வு ஓட்டைகள் சுவிட்சுக்கே உரியவை அல்ல, லினக்ஸ் உலகத்தின் பொதுச் சொத்து: 2021 ஜனவரியில் குவாலிஸ் வெளியிட்ட சூடோ ஓட்டை (சிவிஇ-2021-3156) 2011-லிருந்து அந்த நிரலில் இருந்தது, சர்வரில் எது பாதித்ததோ அது இங்கேயும் பாதிக்கும். அதற்கான பேட்ச் வேகமாக வரும், எல்லோரும் மூல நிரலைப் பார்க்கலாம். ஆனால் சமூகப் பதிப்பை ஓட்டினால் எந்த டெபியன் பேக்கேஜுக்கு எது வந்தது என்று பார்த்து, புது இமேஜ் போட்டு, சோதித்து ஏற்றுவது உங்கள் ஆட்களின் வேலை. அதற்கு ஆள் இல்லாத இடத்தில் சோனிக் வேண்டாம், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

என் தேர்வு என்ன? டேட்டா சென்டருக்கு, லினக்ஸ் தெரிந்த ஒருவராவது இருந்தால், அரிஸ்டா. இரண்டாவது ஜூனிபர், வெரிஎக்ஸெக் உண்மையிலேயே தாக்குபவனுக்கு வேலை வைக்கிறது, லாக் வெளியே போகும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேம்பஸுக்கு கேட்டலிஸ்ட் வாங்குவதைத் தவறென்று சொல்ல மாட்டேன், பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம்), வயர்லெஸ், ஆள் கிடைப்பது என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் எச்டிடிபி சர்வர், எச்டிடிபிஎஸ் சர்வர் இரண்டையும் அணைக்காமல் அதை ஓடவிடாதீர்கள். எஸ்என்எம்பி வெர்ஷன் 2-ஐ விட்டு 3-க்குப் போங்கள், எந்த ஐபி கேட்கலாம் என்று கட்டுப்படுத்துங்கள். ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும்: சிஸ்கோ உலகெங்கும் அதிகம் இருப்பதால் தேடுபவர்களும் அங்கே அதிகம். மற்றவற்றில் குறைவாகக் கண்டுபிடிக்கப்பட்டிருப்பதை மட்டும் வைத்து அவை உறுதியானவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த நிறுவனமாக இருந்தாலும் மாறாத ஒன்று உண்டு. ஜூனிபரில் நுழைந்தது டெர்மினல் சர்வரிலிருந்து, நெக்சஸில் நுழைந்தது அட்மின் பாஸ்வேர்டோடு. மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கைத் தனி விஆர்எஃப்-ல் (மற்றவற்றிலிருந்து பிரித்த ரூட்டிங் பகுதி) வைத்து, அதற்குள் போகும் ஜம்ப் சர்வருக்கு இரண்டாம் கட்ட சரிபார்ப்பு வைப்பது, இந்த நான்கில் எதை வாங்குவது என்ற முடிவைவிட அதிகம் காப்பாற்றும். அப்புறம், சுவிட்சின் மேனேஜ்மென்ட் ஐபி தானாக வெளியே எங்கேயாவது பேசுகிறதா என்பதை ஃபயர்வாலில் பாருங்கள், ஏனென்றால் ரூட்கிட் சுவிட்சுக்குள் எதை மறைத்தாலும் ஃபயர்வால் லாகில் அது கை வைக்க முடியாது.

பழைய 3750ஜி போன்றவை இன்னும் ரேக்கில் இருந்தால் இந்த ஒப்பீடே அவற்றுக்குப் பொருந்தாது, அவற்றுக்கு இனி பேட்ச் வரப்போவதில்லை. இன்றைக்கே அவற்றில் எஸ்என்எம்பி, டெல்நெட், வெப் மூன்றையும் நிறுத்துங்கள், அடுத்த பட்ஜெட்டில் முதல் வரியாக அவற்றுக்கு மாற்று சுவிட்சைப் போடுங்கள்.