நீலப்புகையோடு ஒரு குடித்தனம்

நெடுநாள் ஓடாமல் நின்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னிடம் இருப்பதும் அதே வகைதான். இரண்டே இருக்கைகள், அவற்றுக்குப் பின்னால் இன்ஜின், ஆறு சிலிண்டர்களும் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் பாக்ஸர் அமைப்பு. வேகம், குதிரைத்திறன் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரை உறுத்தியது புகை. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு மேகம் எழுந்ததாம். ‘வெகுநாள் நின்றதல்லவா, ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்றாராம் விற்பவர். உடன் அழைத்துப் போன மெக்கானிக், ‘ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்றாராம். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி வாயுவும் ஆயிலும் கசியாமல் அடைக்கும் வளையம். யாரை நம்புவது என்பது அவர் கேள்வி.

இருவரையும் நம்ப வேண்டாம். அதே புகையோடு நான் வெகுகாலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். காரணமான பாகத்தை அண்மையில்தான் மாற்றி முடித்தேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. எனவே இதில் நியாயமும் எரிச்சலும் கலந்தே வரும்.

புகையின் நிறத்தைப் பற்றி எல்லோரும் ஒப்பிக்கும் பாடம் ஒன்று உண்டு: வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் மிகுதி. பாடம் பொய்யில்லை, அரைகுறை. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் சூடாகும் வரை அது வெண்ணிற ஆவியாக வருவதும், குழாய் நுனியில் சொட்டுவதும் இயல்பு. நெடுநாள் நின்ற காரில் உள்ளே ஏற்கெனவே ஈரம் சேர்ந்திருப்பதால் இது சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல், காற்றில் கரையாமல் தொங்கும் வெண்புகையில் இனிப்பு வாடையும் அடித்தால்தான் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது என்று கவலைப்பட வேண்டும். இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஆயில் கொஞ்சமாக எரிந்தால் நீலம் தெரியும். ஏராளமாக எரிந்தால் புகை வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் இடையிலான அடைப்பான ‘ஹெட் கேஸ்கெட்’ போய்விட்டது என்று தயங்காமல் சொன்ன நிபுணர்கள் என் காருக்கும் வாய்த்தார்கள். சந்தேகம் இருந்தால், திறந்த வெளியில் காரை நிறுத்தி, குழாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் காய்ந்துவிடும். ஆயில் புள்ளி காயாது.

நிறத்தைவிட அதிகம் பேசுவது நேரம். எப்போது புகைகிறது என்பதைக் கவனித்து எழுதி வைப்பவர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குப்பென்று வந்து உடனே நின்றால், இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியாகக் கசிந்த ஆயிலாக இருக்கலாம். அந்தத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வால்வு சீல்கள் ரப்பர் வகை. வயதும் வெப்பமும் அவற்றை இறுக்கிவிடும், பல மாதம் ஆயில் படாமல் காய்ந்து கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். இதை உறுதிப்படுத்த எளிய வழி நீண்ட இறக்கம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருப்பதால், இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக்கில் உறிஞ்சல் வலுத்து, தளர்ந்த சீல்கள் வழியாக ஆயிலை இழுக்கும். அடிவாரத்தில் மீண்டும் மிதித்தவுடன் நீல மேகம் எழுந்தால் சந்தேகம் வால்வு சீல், வால்வுத் தண்டு நகரும் குழலான கைடு பக்கம் திரும்ப வேண்டும். மாறாக, ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங். டர்போ உள்ள காராக இருந்தால் அதன் ஆயில் சீலையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்புப் புகை வந்தால், மூடாமல் ஒழுகும் இன்ஜெக்டரைத் தேட வேண்டும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டவே கூடாது.

பாக்ஸர் இன்ஜினுக்கு இவற்றோடு ஒரு தனிக் குணமும் உண்டு. நின்று வேலை செய்யும் சிலிண்டரில் ஆயில் கீழே வடிந்து ஒழிந்துவிடும். படுத்த சிலிண்டரில் மிச்ச ஆயில் ரிங் இடுக்கு வழியாக ஊர்ந்து எரியறைக்குள் தேங்க இடம் இருக்கிறது. அதுவும் சரிவில் நிறுத்தினால் தாழ்ந்த பக்கத்துச் சிலிண்டர்களுக்குத்தான் அந்த விருந்து. ஆகவே நெடுநாள் நின்ற பாக்ஸர் இன்ஜின் முதல் ஸ்டார்ட்டில் ஒரு மேகம் விடுவதை வைத்து அதன் ஆயுள் முடிந்தது என்று சொல்ல முடியாது. நீண்ட நாள் நிறுத்துவதற்கு முன்பு சிலர் துருப்பிடிக்காமலிருக்கச் சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்து வைப்பார்கள். அதுவும் முதலில் எரிந்துதான் தீர வேண்டும். விற்பவர் சொன்னதில் இந்த அளவு உண்மை இருக்கிறது. ஆனால் சூடேறிய பிறகு ஓட்டும்போதும் புகைந்தால் அந்த உண்மை அங்கேயே காலாவதியாகிவிடுகிறது.

இனி சோதனைகள். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோல் வரத்தையும் இக்னிஷனையும் நிறுத்தி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைக்க வேண்டும். ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், ஆறு சிலிண்டர்களும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் கூடினால் ரிங் என்று தீர்ப்புச் சொல்வது பழைய வழக்கம். படுத்த சிலிண்டரில் அந்த ஆயில் அடிச்சுவரில் கிடக்குமே தவிர மேல்பக்கத்தை அடைக்காது. அந்த முடிவை வைத்து யாராவது இன்ஜினை இறக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

லீக்-டவுன் சோதனையே மேல். பிஸ்டனை மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, எத்தனை விழுக்காடு கசிகிறது என்று அளப்பார்கள். அளவைவிட எனக்குப் பிடித்தது அதன் ஒலி. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், இன்டேக்கில் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு, புகைக்குழாயில் சீறினால் வெளியேற்றும் வால்வு, கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் பொதுவாக நல்ல ஆரோக்கியம். இருபதைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். கேமரா விட்டுப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். மற்றவை கரி படிந்திருக்க, ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் கழுவி விட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அங்கே கூலன்ட் நுழைகிறது.

என் காரில் இவை அத்தனையும் நல்ல முடிவையே காட்டின. ஆறு சிலிண்டர்களும் ஆரோக்கியம். ஆனால் புகை மட்டும் நாளுக்கு நாள் தடித்தது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இந்தச் சோதனைகள் எரியறை அழுத்தத்தைத் தாங்குகிறதா என்றுதான் சொல்லும். வால்வு சீல் அந்த அழுத்தத்தைத் தாங்கும் பாகம் இல்லை. அது ஆயிலை மட்டும் தடுப்பது. எனவே சீல் மொத்தமாகக் கெட்டிருந்தாலும் கம்ப்ரஷன் அழகாகவே வரும். பிஸ்டன்களுக்குப் பின்னால் கிராங்க் சுழலும் அறையான கிராங்க்கேஸிலிருந்து ஆயில் ஆவியைப் பிரித்தெடுக்கும் ஆயில் செப்பரேட்டரும் அப்படித்தான். கம்ப்ரஷன் மானியின் கண்ணுக்கு அது தென்படவே தென்படாது.

குற்றவாளி அந்தச் செப்பரேட்டர்தான். பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு, டயஃப்ரம். கிராங்க்கேஸில் சேரும் வாயுவை அளவோடு இன்டேக்குக்கு அனுப்புவதும், கூட வரும் ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்புவதும் அதன் வேலை. ரப்பர் கிழிந்தால் அளவு என்ற பேச்சே இல்லை. இன்டேக்கின் முழு உறிஞ்சலும் கிராங்க்கேஸ் மீது பாய்ந்து, ஆயிலை நேரே எரியறைக்கு இழுத்து வந்துவிடும். கார் நின்றபடி இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் ஒரு மெல்லிய விசில் சத்தம், ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முடியாதபடி உள்ளிருந்து ஒரு பிடி, இன்டேக் குழாயைக் கழற்றினால் உள்ளே குட்டையாக ஆயில். கூடுதல் காற்று நுழைவதால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று டேஷ்போர்டில் விளக்கும் எரியும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும். ஒரே சமயத்தில் ஆயில் மிகுதியாக உள்ளே போனால் அதை அழுத்த முடியாமல் பிஸ்டன் முட்டி, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம். அத்தனை பாதிப்புக்கும் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர்!

அந்த ரப்பரை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? இன்ஜினின் முதுகில், இன்டேக் குழாய்களுக்கு அடியில், கை நுழைந்தால் கண் நுழையாத, கண் நுழைந்தால் கருவி நுழையாத பொந்தில். மாற்றும் பாகம் சிறியது. அதை அடைவதற்கான உழைப்புதான் பெரியது. கிழியும் என்று தெரிந்த ரப்பரைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதற்கு என்ன தடை என்று வடிவமைத்தவரை ஒருநாளாவது நேரில் கேட்க ஆசை.

பாகத்தை மாற்றிய பிறகும் புகை உடனே நிற்கவில்லை. இன்டேக்கிலும் சைலன்சரிலும் தேங்கியிருந்த ஆயில் எரிந்து தீர வேண்டியிருந்தது. அதைப் பார்த்து ‘அப்போதே சொன்னேனே, ரிங்’ என்று ஒருவர் மகிழ்ந்தார். கொஞ்ச தூரம் ஓடியதும் புகை நின்றது; ஆயில் குடிப்பதும் நின்றது.

நிறுத்தி வைக்கும் காரை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுங்கள் என்ற அறிவுரையையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். ஆயில் முழுச் சூட்டை எட்டாமல் நிறுத்தினால், எரிந்து உண்டான தண்ணீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஓட்டுவதானால் நன்றாகச் சூடேறும்வரை சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் புது ஆயில் ஊற்றி, சமதளத்தில் நிறுத்தி, தொடாமல் விடுங்கள். மீண்டும் எழுப்பும்போது பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆயில் அழுத்தம் ஏறும்வரை வெறுமனே சுழற்றிய பிறகே உயிர் கொடுங்கள்.

நண்பருக்கு: நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர் ஸ்டார்ட், முழுச் சூட்டில் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம், பிறகு லீக்-டவுன். செப்பரேட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, வளைவில் இந்தக் கார் திரும்புவதுபோல் வேறெதுவும் திரும்பி நான் பார்த்ததில்லை. இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் மேலேற மேலேற அந்த ஆறு சிலிண்டர் எழுப்பும் ஒலிக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை. இன்ஜின் நெஞ்சுரம் மிக்கது என்பதைச் சோதனைகளே சொல்லிவிட்டன. ஆனாலும் என்னைக் கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கை முட்டியில் அந்தப் பொந்து கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை. அது ஆறிய பிறகு கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.